புள்ளிக்குள் பதுங்கியிருந்த வண்ணம்

1983 ஏப்ரலில் இங்கிலாந்தின் லாங்லீட் மாளிகை வளாகத்தில் 'டாக்டர் ஹூ' தொடரின் ரசிகர்கள் கூடினார்கள். தொடருக்கு அது இருபதாம் ஆண்டு. பி.பி.சி. எதிர்பார்த்ததைவிடப் பெரிய கூட்டம். எந்தக் கதையை வீடியோ கேசட்டாக வாங்க ஆசை என்று கேட்டபோது அதிகம் பேர் சொன்னது 'டூம் ஆஃப் த சைபர்மென்'. 1967இல் நான்கு பகுதிகளாக வந்த கதை. பி.பி.சி.யால் அதை விற்க முடியவில்லை. கைவசம் இருந்தால்தானே விற்பதற்கு? எப்போதோ அழித்துவிட்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் டாக்டர் ஹூவின் முதல் கேசட்டாகக் கடைக்கு வந்தது 1975ஆம் ஆண்டின் 'ரிவெஞ்ச் ஆஃப் த சைபர்மென்'. விலை 39 பவுண்டு 95 பென்ஸ். கேட்ட கதை இல்லாவிட்டாலும் பெயரிலாவது சைபர்மென் இருக்கட்டும் என்று நினைத்திருப்பார்கள் போல.

இந்தத் தொடரைப் பார்க்காதவர்களுக்காக ஒரு வரி: நீலநிறப் போலீஸ் பெட்டி ஒன்றில் ஏறிக்கொண்டு காலம் விட்டுக் காலம், கிரகம் விட்டுக் கிரகம் சுற்றும் ஒரு வேற்றுலகவாசியின் கதை. தொடங்கியது 1963 நவம்பர் 23. அந்தப் பத்தாண்டில் மட்டும் 253 பகுதிகள் வந்தன. அவற்றில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவற்றின் படம் இன்று எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இழப்பு இந்த ஒரு தொடரோடு நிற்கவும் இல்லை. பாப் டிலன் நடித்த 'மேட்ஹவுஸ் ஆன் காசில் ஸ்ட்ரீட்' என்ற 1963ஆம் ஆண்டு நாடகத்தை 1968இல் அழித்தார்கள். பீட்டர் குக்கும் டட்லி மூரும் சேர்ந்து நாட்டையே சிரிக்கவைத்த 'நாட் ஒன்லி பட் ஆல்சோ' பெரும்பகுதி போயிற்று. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கிய இரவில் பி.பி.சி. தன் ஸ்டுடியோவிலிருந்து நடத்திய நேரலையிலும் பெரும்பாலானது மிஞ்சவில்லை.

ஏன் அழித்தார்கள்? விடையில் பாதி இயற்பியல், மீதி கணக்குப் புத்தகம்.

முதலில் இயற்பியல். ஒலியைக் காந்த நாடாவில் பதிய நொடிக்கு அதிகபட்சம் 20,000 அதிர்வுகளைப் பிடித்தால் போதும். தொலைக்காட்சிப் படத்துக்கோ நொடிக்கு முப்பது, நாற்பது லட்சம் அதிர்வுகள் வேண்டும். நாடாவைத் தொட்டுப் பதியும் ஹெட்டில் நுண்ணிய இடைவெளி ஒன்று உண்டு. ஒவ்வொரு அதிர்வும் அந்த இடைவெளியைவிடக் கொஞ்சமாவது நீளமான இடத்தை நாடாவில் பிடித்தால்தான் திரும்பப் படிக்க முடியும். ஆகவே படத்தைப் பதிய நாடா பேய்வேகத்தில் ஓட வேண்டும். பி.பி.சி.யின் பொறியாளர்கள் அதை நேர்வழியிலேயே செய்து பார்த்தார்கள். 'வேரா' என்ற அவர்களுடைய இயந்திரத்தை 1958 ஏப்ரலில் ரிச்சர்ட் டிம்பிள்பி 'பனோரமா' நிகழ்ச்சியில் பெருமையாக அறிமுகப்படுத்தினார். அதில் நாடா நொடிக்கு ஐந்து மீட்டர் ஓடியது. அரை மீட்டருக்கும் அகலமான ஒரு ரீலில் பதிய முடிந்தது பதினைந்து நிமிடம். அதற்கே நாலரைக் கிலோமீட்டர் நாடா செலவாகும்.

பாவம், அறிமுகமான அன்றே வேரா பழசாகிவிட்டது. அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனத்தில் சார்லஸ் கின்ஸ்பெர்க் தலைமையிலான குழு 1956லேயே வேறு வழி கண்டிருந்தது. நாடா மெதுவாகவே போகட்டும், ஹெட்டைச் சுழற்றிவிடலாம் என்பது அவர்கள் யோசனை. இரண்டு அங்குல அகல நாடா நொடிக்கு நாற்பது சென்டிமீட்டர்தான் நகரும். அதன் குறுக்கே நான்கு ஹெட்டுகள் பொருத்திய சக்கரம், பிரிட்டனுக்கு வந்த இயந்திரங்களில், நொடிக்கு 250 முறை சுற்றும். ஹெட் நாடாவை உரசும் வேகம் நொடிக்குச் சுமார் நாற்பது மீட்டர். பிற்பாடு நம்மூரில் 'டெக்' என்று வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்தோமே, அந்த வி.எச்.எஸ். இயந்திரத்துக்குள்ளும் இதே யுக்திதான் கொஞ்சம் மாறி இருந்தது. உள்ளே சாய்வாக நிற்கும் உருளை நொடிக்கு 25 சுற்றுச் சுற்றும். நாடா நகர்வதோ நொடிக்கு 2.34 சென்டிமீட்டர். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் உரசல் வேகத்தைக் கணக்குப் போட்டால் ஐந்து மீட்டரை நெருங்குகிறது, கிட்டத்தட்ட வேராவின் வேகம். மூன்று மணி நேரப் படத்துக்கு வேரா 55 கிலோமீட்டர் நாடாவைத் தின்றிருக்கும். வி.எச்.எஸ்.ஸுக்குக் கால் கிலோமீட்டர் போதும். கையில் தூக்கிப் போகிற ஒரு டப்பாவுக்குள் அதை அடக்கினார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்புத்தான்.

இந்த வசதி வருவதற்கு முன் இரண்டு அங்குல நாடா ஸ்டுடியோவின் விலைமதிப்புள்ள சரக்கு. அழித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்பதே அதன் பெருமை. இனி கணக்குப் புத்தகம். நடிகர் சங்கமான ஈக்விட்டியுடன் செய்திருந்த ஒப்பந்தம் மறுஒளிபரப்புக்குக் கடுமையான வரம்பு வைத்திருந்தது. 1967 ஜூலையில் பி.பி.சி. 2 வண்ணத்துக்கு மாறியது. 1969 நவம்பரில் மற்ற அலைவரிசைகளும் மாறின. கறுப்பு வெள்ளையை இனி யார் கேட்பார்கள்? வீட்டில் வைத்துப் பார்க்கும் கேசட் என்ற சந்தையே அப்போது கிடையாது. நாடாவைப் பொறியியல் பிரிவு பார்த்துக்கொண்டது, பிலிமை நூலகம் பார்த்துக்கொண்டது, வெளிநாட்டு விற்பனையை எண்டர்பிரைசஸ் பிரிவு பார்த்துக்கொண்டது. எல்லாவற்றையும் காப்பது யாருடைய வேலை என்று மட்டும் எவரும் எழுதிவைக்கவில்லை. அழித்தவர்களை வில்லன்களாக்கிச் சிலர் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படிவத்தில் கையெழுத்து இருந்தது, நாடாவை அழித்தார்கள். ஒழுங்காக வேலை பார்த்தவர்கள் அவர்கள்.

இந்த வரலாற்றின் விசித்திரமே அதுதான். ஒழுங்கு இருந்த இடத்தில் எல்லாம் அழிந்தது. எங்கே யாரோ சோம்பலாக இருந்தார்களோ, விதியை மீறினார்களோ, ஒரு சுவிட்சைப் போட மறந்தார்களோ, அங்கேயே மிச்சம் கிடைத்தது.

அந்த மிச்சத்தில் பெரும்பகுதி பிலிம். உலக நாடுகளின் தொலைக்காட்சி முறைகள் ஒன்றோடொன்று பொருந்தாதவை. நாடாவை அனுப்பினால் அங்கே ஓடாது. 16 மில்லிமீட்டர் பிலிம் எங்கும் ஓடும். எனவே தட்டையான திரைகொண்ட ஒரு மானிட்டரில் நிகழ்ச்சியை ஓட்டி, அதன் எதிரே பிலிம் கேமராவை நிறுத்திப் படமெடுத்தார்கள். டெலிரெக்கார்டிங் என்று பெயர். கேட்க எளிது, செய்யக் கடினம். பிரிட்டிஷ் தொலைக்காட்சி நொடிக்கு 50 அரைப்படங்களை அனுப்பும். முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள். பிலிம் கேமரா நொடிக்கு 25 முழுப்படம் எடுக்கும். ஓர் அரைப்படம் முடிந்து அடுத்தது தொடங்கும் கண்ணிமைப்புக்குள் பிலிமை அடுத்த கட்டத்துக்கு இழுத்து நிறுத்த அந்தக் கால இயந்திரங்கள் திணறின. சில இடங்களில் இரண்டில் ஓர் அரைப்படத்தைக் கைவிட்டார்கள். படத்தின் செங்குத்து நுணுக்கம் பாதியாகப் போயிற்று. வேறு சில இடங்களில் மெதுவாக மங்கும் பாஸ்பரம் பூசிய திரையை வைத்தார்கள். முதல் அரைப்படம் திரையில் மறையாமல் நிற்க, இரண்டாவது வந்து சேர, இரண்டையும் சேர்த்துப் பிலிம் பிடித்தது.

இப்படி எடுத்த பிரிண்டுகள் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஹாங்காங், நைஜீரியா, சாம்பியா, சைப்ரஸ் என்று ஊர் ஊராகப் போயின. ஒரு நாடு ஒளிபரப்பி முடித்ததும் அடுத்த நாட்டுக்கு அனுப்ப வேண்டும், கடைசியில் திருப்பித் தர வேண்டும் அல்லது அழித்துச் சான்று கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில நிலையங்கள் எதையும் செய்யவில்லை. அதனால்தான் 'டூம் ஆஃப் த சைபர்மென்' நான்கு பகுதிகளும் 1992இன் தொடக்கத்தில் ஹாங்காங்கிலிருந்து வந்து சேர்ந்தன. லாங்லீட்டில் கேட்டவர்களுக்கு ஒன்பது ஆண்டு கழித்துக் கேசட் கிடைத்தது. நினைவில் வைத்திருந்த அளவுக்குப் பயமாக இல்லையே என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. 2013இல் பிலிப் மோரிஸ் என்ற தேடலாளர் நைஜீரியாவின் ஜோஸ் நகரத் தொலைக்காட்சி நிலையம் ஒன்றிலிருந்து காணாமற்போன ஒன்பது பகுதிகளை மீட்டதாக அறிவிப்பு வந்தது. அவற்றில் 'த வெப் ஆஃப் ஃபியர்' கதையின் மூன்றாம் பகுதி மட்டும் இல்லை. தான் முதலில் பார்த்தபோது அதுவும் அங்கே இருந்தது, பிறகுதான் மறைந்தது என்று மோரிஸ் சொல்லியிருக்கிறார். சேகரிப்பாளர்களிடம் அதன் கள்ளச்சந்தை மதிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் இரவு முழுக்கப் பேசுவார்கள்.

படம் கிடைக்காத பகுதிகளுக்கும் ஒலி முழுமையாக இருக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டியின் ஒலிபெருக்கி முன் மைக்கை வைத்தோ, பெட்டிக்குள்ளிருந்தே கம்பி இழுத்தோ, வீட்டு டேப்ரிக்கார்டரில் பதிந்துவைத்த பதின்வயதுப் பிள்ளைகளின் வேலை அது.  அந்த ஒலியைக்கொண்டு 2006இலிருந்து அனிமேஷன் படங்கள் செய்து டி.வி.டி.யாக விற்கிறார்கள்.

நிழற்படங்களும் உண்டு. ஜான் குரா என்பவர் தன் வீட்டுத் தொலைக்காட்சித் திரையை நிகழ்ச்சி ஓடும்போதே வரிசையாகப் படமெடுத்து நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். வீடியோ இல்லாத காலத்தில் தாங்கள் செய்த வேலையைத் தாங்களே பார்க்க அவர்களுக்கு வேறு வழி இல்லை. 1964இல் வந்த 'மார்கோ போலோ' கதையின் ஏழு பகுதிகளும் அழிந்தவை. ஆறு பகுதிகளை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், தொடரின் முதல் கதையை இயக்கியவரும் அவரே. குராவிடம் அன்று வாங்கிய படங்களை அவர் பத்திரமாக வைத்திருந்தார். கதை எப்படி இருந்தது என்று நாம் இன்று பார்ப்பது அவற்றின் வழியாகத்தான்.

வீட்டு வீடியோ கேசட் இயந்திரம் பிரிட்டனில் 1972இல் பிலிப்ஸ் என்1500 என்ற மாதிரியோடு வந்தது. அதற்கும் முன்பே ரீல் சுற்றும் அரை அங்குல இயந்திரங்களைச் சிலர் வைத்திருந்தார்கள். 'ஸ்டெப்டோ அண்ட் சன்' நகைச்சுவைத் தொடரின் 1970ஆம் ஆண்டு வண்ணப் பகுதிகள் பலவும் இன்று கறுப்பு வெள்ளையில் மட்டுமே உள்ளன. எழுத்தாளர்கள் ரே கால்டன், ஆலன் சிம்சன் இருவருக்காகவும் அப்படியோர் இயந்திரத்தில் எடுத்துக் கொடுத்த பிரதிகள் அவை. நகைச்சுவை நடிகர் பாப் மங்க்ஹவுஸ் பெரும் சேகரிப்பாளர். அவரிடமிருந்த பிலிம்களுக்காக அவர் மேல் வழக்கே நடந்தது, 1979இல் விடுதலையானார். 2003இல் அவர் இறந்தபின் வீட்டில் இருந்த ஆயிரக்கணக்கான கேசட்டுகளை ஆராய்ந்தபோது எங்குமே இல்லாத நிகழ்ச்சிகள் அவற்றில் கிடைத்தன.

இனி வண்ணத்துக்கு வருவோம். டாக்டர் ஹூ 1970 ஜனவரியில் வண்ணமானது. ஆனால் அந்த முதல் சில ஆண்டுகளின் வண்ண நாடாக்களில் பலவும் அழிந்துபோய், கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டும் மிஞ்சியது. 1971ஆம் ஆண்டின் 'த டீமன்ஸ்' கதை அப்படிப்பட்டது. அதன் வண்ணம் அட்லாண்டிக்குக்கு அப்பால் ஒரு வீட்டில் இருந்தது. 1970களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் அது ஒளிபரப்பானபோது ரசிகர் ஒருவர் பீட்டாமேக்ஸ் டெக்கில் பதிந்திருந்தார். அந்தப் பதிவு மங்கல், இரைச்சல். தனியாக ஒளிபரப்ப லாயக்கில்லை. பிலிமோ கூர்மையானது, ஆனால் நிறமில்லை. பிலிமிலிருந்து வெளிச்சத்தையும் கேசட்டிலிருந்து நிறத்தையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். 1992இல் பி.பி.சி. அதை வண்ணத்தில் மறுஒளிபரப்புச் செய்தது.

மங்கலான நிறத்தைப் பூசியும் படம் ஏன் மங்கவில்லை? நம் கண்ணால்தான். வெளிச்ச வேறுபாட்டைக் கண் மிக நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. வரைகோடு கூர்மையாக இருந்துவிட்டால், நிறம் கொஞ்சம் வழிந்தாலும் மூளை அதைக் கோட்டுக்குள்ளேயே அடக்கிக் காட்டிவிடும். வீட்டு டெக்குகள் நிறத்தை வேண்டுமென்றே குறைந்த நுணுக்கத்தில் பதிந்ததும் இதனால்தான். உங்கள் கைப்பேசியில் எடுக்கும் வீடியோவும் பெரும்பாலும் நான்கு புள்ளிக்கு ஒரு நிறம் என்றே சேமிக்கிறது.

ஆனால் எல்லாக் கதைக்கும் அமெரிக்கக் கேசட் கிடைக்கவில்லை. நாடாவும் இல்லை, கேசட்டும் இல்லை, கறுப்பு வெள்ளைப் பிலிம் மட்டுமே இருக்கிறது. அப்போது என்ன செய்வது? கையால் நிறம் தீட்டலாம். அது யூகம்தான். அன்று ஸ்டுடியோவில் இருந்த உண்மையான நிறம் ஆகாது.

பி.பி.சி.யில் பணியாற்றிய ஜேம்ஸ் இன்செல் கவனித்தது பிலிமில் தெரிந்த ஒரு கோளாறை. சில டெலிரெக்கார்டிங் பிலிம்களில், குறிப்பாகப் பளிச்சென்ற உடைகள் மேல், பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஊர்ந்தன. பல ஆண்டுகளாக எல்லோருக்கும் அது எரிச்சல். அவருக்கு மட்டும் அந்தப் புள்ளிகளே நிறம் என்று பட்டது.

எப்படி? ஜெர்மனியின் டெலிஃபங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் உருவாக்கிய 'பால்' முறையையே பிரிட்டன் பயன்படுத்தியது. அதில் வெளிச்சத்துக்கு ஓர் அலை, நிறத்துக்குத் தனியாக இன்னோர் அலை என்று அனுப்ப இடமில்லை. வெளிச்ச அலையின் மேலேயே, நொடிக்கு 44 லட்சத்து 33 ஆயிரம் தடவைக்கு மேல் துடிக்கும் மெல்லிய அலை ஒன்றை ஏற்றிவிட்டார்கள். அந்தத் துடிப்பின் உயரம், நிறம் எவ்வளவு அடர்த்தி என்று சொல்லும். துடிப்பு முந்தி வருகிறதா பிந்தி வருகிறதா என்பது, எந்த நிறம் என்று சொல்லும். வண்ணப் பெட்டி அதைப் பிரித்துப் படிக்கும். கறுப்பு வெள்ளை மானிட்டருக்குப் பிரிக்கத் தெரியாது. எல்லாமே வெளிச்சம் என்று எண்ணி, துடிப்பையும் பொடிப்புள்ளிகளாகத் திரையில் போட்டுவிடும். டெலிரெக்கார்டிங் செய்யும்போது இந்தப் புள்ளிகளை நீக்க வடிகட்டி ஒன்றை இயக்க வேண்டும். பலமுறை யாரும் இயக்கவில்லை. மானிட்டரில் புள்ளி ஊர்ந்தது, எதிரே இருந்த கேமரா அதையும் படமெடுத்தது. வாசலில் கோலத்தை அழித்தபின் புள்ளிகள் மட்டும் எஞ்சியிருந்தால் அனுபவமுள்ள கை கோலத்தை மறுபடி இழுத்துவிடுவதுபோல, நிறமில்லாத பிலிமின் புள்ளிகளிலிருந்து நிறத்தைத் திரும்ப எழுப்ப முடியும்.

கொள்கை சரி. நடைமுறையின் கடுமையை அளவுகளில் பாருங்கள். திரையின் ஒரு வரியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோநொடி. அதில் நிற அலை சுமார் 230 முறை துடிக்கிறது. 16 மில்லிமீட்டர் பிலிமில் படத்தின் அகலம் ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர். ஆக ஒரு துடிப்புக்குப் பிலிமில் கிடைத்த இடம் சுமார் 0.043 மில்லிமீட்டர். அதில் பாதி தூரம் பிசகினால் சிவப்பு அதன் எதிர்நிறமாகிவிடும். கால்வாசி, அதாவது நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே முகம் வேறு நிறத்துக்குப் போய்விடும். இந்தப் பிலிமோ, மானிட்டர் படத்தின் கோணலையும் கேமராவின் ஆட்டத்தையும் சுமந்தது. நாற்பது ஆண்டில் சுருங்கியும் போனது. எனவே முதலில் அதை மிக நுணுக்கமாக ஸ்கேன் செய்து, ஒவ்வொரு வரியும் ஒளிபரப்பன்று எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்துக்கே கணினியில் இழுத்துப் பொருத்த வேண்டும்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. துடிப்பு முந்தியா பிந்தியா என்று சொல்ல ஒரு நேரக்கணக்கு வேண்டும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அதற்கான குறிப்பலை வரும். ஆனால் அது திரையின் விளிம்புக்கு வெளியே வருவது. கேமரா அதைப் பார்க்கவே இல்லை. பி.பி.சி. பொறியாளர் ரிச்சர்ட் ரஸ்ஸல் எழுதிய மென்பொருள் அந்தக் குறிப்பைப் புள்ளிகளின் அமைப்பிலிருந்தே ஊகித்தது. பால் முறையில் நிறத்தின் ஒரு கூறு வரிக்கு வரி தலைகீழாகும். ஒரே நிறமுள்ள பரப்பில் அடுத்தடுத்த வரிகளை ஒப்பிட்டால் உள்ளே ஒளிந்திருக்கும் நேரக்கணக்கு தன்னைக் காட்டிக்கொடுக்கும். அப்படியும் விடை ஒன்றாக வராது, சில வாய்ப்புகள் மிஞ்சும். எது சரி என்பதை அக்கம்பக்கத்தைப் பார்த்தும், சில நேரம் மனிதக் கண்ணை நம்பியும் முடிவு செய்தார்கள்.

2008 டிசம்பர் 13 அன்று 'டாட்ஸ் ஆர்மி' தொடரின் 1969ஆம் ஆண்டுப் பகுதியான 'ரூம் அட் த பாட்டம்', இப்படி மீட்ட வண்ணத்தில் ஒளிபரப்பானது. 2013இல் டாக்டர் ஹூவின் 'த மைண்ட் ஆஃப் ஈவில்' டி.வி.டி. வந்தது. ஆறு பகுதிகளில் ஐந்துக்குப் புள்ளியிலிருந்து வண்ணம் கிடைத்தது. முதல் பகுதியில் புள்ளியே இல்லை. அந்த ஒரு முறை மட்டும் யாரோ பொறுப்பாக வடிகட்டியை இயக்கியிருக்கிறார்! ஆகவே அந்தப் பகுதியைக் கலைஞர் ஒருவர் கையால் நிறம் தீட்டிக்கொடுக்க வேண்டியதாயிற்று.

படத்தின் அசைவை மீட்கவும் வழி கண்டிருக்கிறார்கள். நொடிக்கு 50 அரைப்படம் என்பது ஸ்டுடியோ நாடகத்துக்கு மேடைக்குரிய ஒரு உயிர்ப்பைத் தந்தது. பிலிமுக்கு மாறியதும் 25 ஆகி அது போயிற்று. இடைப்பட்ட கணங்களைக் கணினியால் ஊகித்துச் சேர்க்கும் 'விட்ஃபயர்' முறையை பீட்டர் ஃபிங்கிள்ஸ்டோன் உருவாக்கினார். 1960களின் கறுப்பு வெள்ளைக் கதைகள் டி.வி.டி.யில் நேற்று ஸ்டுடியோவில் எடுத்ததுபோல் ஓடுவது அதனால்தான். இன்னும் ஒருபடி மேலே போன கதை ஆப்பிரிக்காவில் கிடைத்த ஒரு 'மோர்கம் அண்ட் வைஸ்' பிலிமுடையது. 1968ஆம் ஆண்டு நிகழ்ச்சி. புளித்த வாடை வீசச் சிதைந்து, சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டியாகிவிட்டது. பிரித்தால் பொடியாகும். லண்டன் குயீன் மேரி பல்கலைக்கழகத்தில் அதை லேசரால் துண்டாக்கி, ஊடுகதிரில் அடுக்கடுக்காக ஸ்கேன் செய்து, பிரிக்காமலே உள்ளிருந்த சில காட்சிகளைப் படித்தார்கள். பிலிமில் படமாக இருப்பது வெள்ளித் துகள். ஊடுகதிரைத் தடுப்பதும் அதே வெள்ளி.

இவ்வளவு அறிவியலும் ஏதோ ஒன்று மிஞ்சியிருந்தால்தான் உதவும். சுத்தமாக அழித்த நாடாவிலிருந்து ஒரு காட்சியைக்கூட யாரும் இதுவரை எடுத்ததில்லை. வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடும் நிலையிலுள்ள டெக்குகள் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன. 1980களில் தொலைக்காட்சியிலிருந்து நேரடியாகப் பதிந்த கேசட் ஏதாவது உங்கள் வீட்டுப் பரணில் இருந்தால், இதெல்லாம் ஒளிபரப்பியவர்களிடம் இருக்காதா என்று நினைத்துக் குப்பையில் போடாதீர்கள். இல்லாமலும் இருக்கலாம். பூஞ்சை பிடித்திருந்தால் அப்படியே டெக்கில் போட்டு ஓட்டாதீர்கள். நாடாவும் கெடும், ஹெட்டும் கெடும். சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்து, ஒரே முறை ஓட்டிக் கணினியில் ஏற்றிவையுங்கள். ஏற்றிய பிறகும் கேசட்டைத் தூக்கிப் போட வேண்டாம்.